ஏப்ரன் கட்டிய யாகுசா

கோசுகே ஓனோ 2018இல் தொடங்கிய 'தி வே ஆஃப் தி ஹவுஸ்ஹஸ்பெண்ட்' மாங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) தயங்காமல் வாங்கலாம். ஜப்பானிய மாஃபியாவான யாகுசா உலகத்தையே நடுங்க வைத்த தாட்சு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கறுப்புக் கோட்டு மேலேயே ஏப்ரன் கட்டிக்கொண்டு மனைவி மிக்குவுக்காக வீட்டைப் பார்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான் கதை. மிக்கு மறந்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவன் சைக்கிளில் பறக்க, முகத்தைப் பார்த்தே போலீஸ் மடக்குகிற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்!

ஓனோவின் கோடுகள் ஒரு கேங்ஸ்டர் கதைக்கான அதே இறுக்கத்தோடு இருப்பதால்தான், காய் நறுக்குவதும் தள்ளுபடி விற்பனைக்குக் கிளம்புவதும் அப்படி வேலை செய்கின்றன. எனக்கு இன்னும் பிடித்தது, வீட்டு வேலையை அவன் ஒருபோதும் கேவலமாக நினைப்பதில்லை, கதையும் அதைக் கேலி செய்வதில்லை.

அத்தியாயங்கள் சின்னவை, ஒரே மூச்சில் படித்தால் கொஞ்சம் அலுக்கும், தினம் இரண்டு போதும். 2020இல் காமிக்ஸுக்குத் தரப்படும் ஐஸ்னர் விருதை நகைச்சுவைப் பிரிவிலும் வாங்கியது. அப்புறம், இதன் நெட்ஃபிளிக்ஸ் அனிமேவில் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) படங்கள் அதிகம் அசைவதில்லை, தாட்சுவுக்குப் பேசிய கெஞ்சிரோ சுடாவின் குரல் அருமை என்றாலும் முதலில் புத்தகத்தையே படியுங்கள்.