‘வேர் பிடித்த ஃபிட்டோனியா’ என்று வாங்கினால், தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள்

‘நன்கு வேர் பிடித்தது, வீட்டுக்குள் வைக்கத் தயார்’ என்று சொல்லி இணையத்தில் விற்கப்பட்ட ஃபிட்டோனியா என்ற சின்ன இன்டோர் செடி ஒன்று. பார்சலில் வந்த அன்று செழிப்பாக இருந்தது, பத்தாம் நாள் மொத்தமாகத் தலை தொங்கியது. விற்றவரிடம் கேட்டதற்கு ஒரே பதில்தான்: “தண்ணீரை அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்.” தொட்டியைப் பிரித்ததும்தான் உண்மை தெரிந்தது. விற்றவரின் பெயரை இங்கே சொல்லவில்லை. சின்ன இன்டோர் செடிகள் விற்கும் பல இடங்களில் இதே வேலை நடக்கிறது. பணம் போனது ஒரு பக்கம் என்றால், பழியும் வாங்கியவர் தலையிலேயே விழுகிறது. அதை நம்பி, ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று செடி வளர்ப்பதையே விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

தொட்டி 10 செ.மீ. அகலம். கரும்பச்சை இலை, வெள்ளை நரம்பு, மண்ணே தெரியாத அடர்த்தி. இலைகளை விலக்கினால் அடியில் வெள்ளைக் கூழாங்கற்கள், அதுவும் பசை போட்டு ஒட்டியவை. கல் தட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஒரு தண்டை மட்டும் இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலே இழுத்தோம். எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்தது. அடிநுனி பிளேடால் வெட்டியது போல நேராக இருந்தது. அதற்கு மேல் ஒரு செ.மீ. வரை பழுப்பேறி, தொட்டால் வழுக்கியது. வேர் ஒன்றுகூட இல்லை. ஒன்பது தண்டுகளில் ஆறு இப்படித்தான். மீதி மூன்றுக்கு வேர் இருந்தது, ஆனால் டீ பை போன்ற மெல்லிய துணிக்கூட்டுக்குள் சுருண்டு கிடந்தது. அதாவது மூன்று நாற்றோடு ஆறு கட்டிங்கை (செடியிலிருந்து வெட்டிய, வேர் விடாத தண்டுத் துண்டை) செருகி, மேலே கல்லை ஒட்டி, ‘அடர்த்தியான செடி’ என்று விற்றிருக்கிறார்கள்.

இது எப்படிச் செல்லுபடியாகிறது என்றால், ஃபிட்டோனியா தென் அமெரிக்க மழைக்காட்டின் தரையில் படர்ந்து வளரும் செடி. காற்றில் ஈரம் நிறைய இருந்தால், வேரே இல்லாத கட்டிங்கூட நாள் கணக்கில் வாடாமல் நிற்கும். நிழல்வலைக் கூடத்திலும் மூடிய அட்டைப்பெட்டியிலும் அந்த ஈரம் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்து மின்விசிறிக்கோ ஏசிக்கோ கீழே உட்கார்ந்ததும், இலை வெளியே விடும் நீரை ஈடுகட்ட வேர் இல்லாததால் சாய்கிறது. கட்டிங் வேர் விட இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த வேர் தொட்டியை நிரப்பி, செடி தானாக அடர்த்தியாவதற்கு இன்னும் சில மாதங்கள் வேண்டும். அந்தச் சில மாதங்களை மிச்சம் பிடிக்கத்தான் இந்த வேலை. செடி சாய்வதற்குள் புகார் கொடுக்கும் அவகாசமும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

ஃபிட்டோனியா வாடுவதில் ஒரு தனிக்குணம் உண்டு, அது தெரியாதவர்கள்தான் எளிதில் ஏமாறுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் இந்தச் செடி மயங்கி விழுந்தது போல மொத்தமாகப் படுத்துவிடும். வேர் நன்றாக இருந்தால், தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஆகவே, தொங்கியதும் தண்ணீர்க் குடத்தைத் தேடாமல் முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். இலேசாக இருந்து, விரலை 2 செ.மீ. விட்டால் உலர்ந்திருந்தால், அது தாகம். கனமாகவும் ஈரமாகவும் இருந்தும் செடி தொங்கினால், ஒன்று வேர் இல்லை, அல்லது வேர் அழுகிவிட்டது. இந்த நிலையில் மேலும் ஊற்றுவதுதான் செடியைக் கொல்கிறது. மண்ணும் ஈரம், செடியும் தெம்பு, ஆனால் இலை ஓரம் மட்டும் கருகுகிறது என்றால் காற்றில் ஈரம் போதவில்லை, இல்லையேல் உரத்தின் உப்பு சேர்ந்திருக்கிறது.

வேர் அழுகியதா, முதலிலேயே இல்லையா என்று பிரித்தறிவதும் அவசியம், ஏனென்றால் விற்றவர் தப்பிக்கும் இடம் இதுதான். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் கையில் நிற்கும். கெட்ட வாடையும் வரும். வேரே இல்லாத கட்டிங்கில் இந்த நூல்கூட இருக்காது, வெட்டுப்பட்ட அடிநுனிதான் இருக்கும். இதைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினால் ‘தண்ணீர் அதிகம்’ என்ற பதில் நிற்காது.

அந்தத் தொட்டியோடு வந்த பராமரிப்பு அட்டையையும் சொல்ல வேண்டும். ‘வாரம் ஒருமுறை ஒரு கப் தண்ணீர்’ என்று போட்டிருந்தது. எந்தச் செடிக்கும் கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தொட்டியின் அளவு, வெளிச்சம், காற்று மூன்றும் சேர்ந்துதான் மண் காயும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. அதிலும் வெறும் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) வரும் செடியில், மேலே காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். கண்ணால் பார்த்து ஊற்றுபவர் நிச்சயம் ஏமாறுவார். மேல் 1 முதல் 2 செ.மீ. காய்ந்த பிறகு, அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, கால் மணி நேரத்தில் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவதே சரியான முறை.

‘வெளிச்சமே வேண்டாம்’ என்பது அதே அட்டையின் அடுத்த வரி. வெளிச்சம் இல்லாமல் எந்தப் பச்சைச் செடியும் வாழாது. ஃபிட்டோனியாவுக்கு நேர் வெயில் ஆகாது, இலை வெளிறிக் கருகும். ஆனால் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள், பகலில் விளக்கு போடாமலே நாளிதழ் படிக்கும் அளவு வெளிச்சம் வேண்டும். கைபேசியில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலி இருந்தால், பகலில் ஆயிரம் லக்ஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டு நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, இலை சிறுத்தால் வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் இல்லாத அறை என்றால் வெள்ளை எல்இடி விளக்கை 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம்.

மூன்றாவது வரி, ‘அறையின் காற்றைச் சுத்தப்படுத்தும், நாசாவே சொன்னது’. இதைக் காட்டி விலையை ஏற்றுகிறார்கள். நாசாவின் 1989 ஆய்வு, காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செய்யப்பட்டது. காற்று வந்துபோகும் வீட்டுக்கு அது பொருந்தாது. அதன்பின் வந்த ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு 2019-இல் வெளியான மீளாய்வு, காற்றோட்டம் தரும் பலனைச் செடியால் தர வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்கிறது. செடியை அதன் அழகுக்காக வாங்குங்கள். காற்றைச் சொல்லி யாராவது கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பீங்கான் தொட்டியில் துளை இல்லாததற்கு, ‘அடியில் கல் போட்டிருக்கிறோம், தண்ணீர் வடிந்துவிடும்’ என்று சமாதானம் சொல்வார்கள். கல்லுக்கு மேலே உள்ள மண், தன்னால் தாங்க முடியாத அளவு நனைந்த பிறகுதான் கல்லுக்குள் தண்ணீரை விடும். ஆக, ஈரம் தேங்கும் இடம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வளர்த்து, அழகுத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்ற மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

இதே ரக ஏமாற்று இன்னும் சில உண்டு. இதய வடிவில் ஒற்றை இலையாக விற்கும் ஹோயா கெர்ரி: கணு இல்லாத வெறும் இலை என்றால், வேர் விட்டு வருடக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், கொடி மட்டும் வராது. அடியில் கொஞ்சமாவது தண்டும் கணுவும் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பளிச்சென்ற இளஞ்சிவப்பு இலையோடு வரும் ‘பிங்க் காங்கோ’ பிலோடென்ட்ரானில், நிறம் வேதிப்பொருளால் வரவழைத்தது. சில மாதங்களில் வரும் புது இலை பச்சைதான். ‘பிங்க் பிரின்சஸ்’ வேறு செடி, அதன் நிறம் இயல்பானது. பெயர் ஒலிப்பில் குழம்பி வாங்குபவர்கள் உண்டு. வானவில் நிற ஃபிட்டோனியா விதை, நீல நிற மான்ஸ்டெரா விதை என்று வருவதையெல்லாம் தொடவே வேண்டாம். ஃபிட்டோனியா ரகங்களைக் கட்டிங்கிலிருந்துதான் பெருக்குகிறார்கள்.

வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: செடியைத் தொட்டியிலிருந்து உருவி, வேர்க்கட்டியோடு ஒரு படம், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாள். நல்ல நர்சரிக்காரர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். பார்சலைப் பிரிக்கும்போதே இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், வேரைக் காட்டும் வரை. ஒட்டிய கல் இருந்தால், தொட்டியோடு பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டால் பல பசைகள் இளகிவிடும். ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக மெல்ல இழுத்துப் பாருங்கள், ஏனென்றால் நடுவில் உள்ளதற்கு வேர் இருக்கும், ஓரத்தில் செருகியதற்கு இருக்காது. இலைக் காம்பின் இடுக்கில் பஞ்சு போல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. மற்ற செடிகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தள்ளி வையுங்கள். புகாரை அன்றே எழுத்தில் அனுப்புங்கள். ‘ஒரு வாரம் பாருங்கள், சரியாகிவிடும்’ என்று வரும் பதிலுக்கு இணங்கிக் காத்திருந்தால் அவகாசம் கழிந்துவிடும்.

இனி அந்தச் செடியைக் காப்பாற்றும் வழி. வேர் இல்லாத தண்டு என்பதற்காகத் தூக்கி எறிய வேண்டாம், அது இன்னும் நல்ல கட்டிங்தான். பழுப்பான பகுதி முழுவதையும், உள்ளே பச்சை தெரியும் வரை வெட்டி நீக்குங்கள். ஆல்கஹாலில் துடைத்த பிளேடால், ஒரு கணுவுக்கு அரை செ.மீ. கீழே வெட்டி, 5 முதல் 7 செ.மீ. நீளத் துண்டாக, இரண்டு மூன்று கணு வருமாறு எடுங்கள். கீழ்க் கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நான்கு இலை விட்டால் போதும். ஸ்பாக்னம் பாசியை ஊறவைத்து, சொட்டாத அளவு பிழிந்து அதில் செருகலாம். கோகோபீட் என்றால், நல்ல தண்ணீரில் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கி, சம அளவு பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளை எரிமலைக்கல் துகள்) கலந்துகொள்ளுங்கள். ஒளி புகும் டப்பாவால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் உள்ள இடத்தில் வையுங்கள். தினமும் ஐந்து நிமிடம் திறந்து மூடினால் பூஞ்சணம் பிடிக்காது. இதற்கு வேர் விடத் தூண்டும் ஹார்மோன் தேவையே இல்லை. இரண்டு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிப்பு தெரியும்.

துணிக்கூட்டில் வந்த நாற்றுகளுக்கு, கூட்டை எதிரெதிரே இரண்டு பக்கம் நீளவாக்கில் கத்தரித்து, வேரைப் பிய்க்காமல் உரித்து எடுங்கள். வேர் துணியோடு பின்னிப்போயிருந்தால் வெட்டிய அளவில் விட்டுவிடலாம்.

வேர் 2 முதல் 3 செ.மீ. நீண்டதும், 8 செ.மீ. தொட்டிக்கு மூன்று நான்கு கட்டிங் வீதம் நடுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, மறுபடி அழுகல்தான். கோகோபீட் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. நட்டதும் மூடியை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். முதல் நாள் அரை மணி நேரம், அடுத்த நாள் ஒரு மணி நேரம் என்று கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழுதாகத் திறக்கலாம். இடையில் இலை துவண்டால் மறுபடி மூடி, மறுநாள் குறைந்த நேரத்திலிருந்து தொடங்குங்கள். 15 டிகிரிக்குக் கீழே போகும் இடத்திலும் ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். ஆறு வாரம் உரமே வேண்டாம். பிறகு தண்ணீரில் கரையும் சமச்சீர் உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு கரைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும். கிள்ளிய நுனியில் ஒரு கணு இருந்தால், அதையும் அதே தொட்டியின் ஓரத்தில் செருகி மூடி வைக்கலாம்.