மீசான் கல் (கல்லறைத் தலைக்கல்) எழுத்தைப் படியெடுக்க எது சரி: சாக்பீஸா, மைப்படியா, பக்க வெளிச்சமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து மையவாடிகளானாலும் (முஸ்லிம் அடக்க இடங்கள்) பாம்பன் தீவின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களானாலும், முதலில் கல் என்ன கல் என்று பாருங்கள். கருங்கல்லுக்கு ஏற்ற வழி, பவளக்கல்லையும் சுண்ணாம்புப் பூச்சையும் தின்றுவிடும். உடைந்தால் மாற்றுக்கல்லும் கிடையாது. பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது.

சாக்பீஸ், கோலமாவு, அரிசிமாவு மூன்றும் வேண்டாம். பள்ளிக்கூட சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். ஏற்கெனவே உப்பேறிய கல்லுக்குள் இன்னொரு உப்பு இறங்கும். அரிசிமாவில் பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய கேடு, தேய்ப்பவர் தான் நினைத்த எழுத்தையே வெள்ளையாக வரைந்துவிடுவார்.

மைப்படி கல்வெட்டுத் துறையின் பழைய வழி. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து அசல் அளவிலேயே வெள்ளையாக நிற்கும். கெட்டியான கருங்கல்லுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முதலில் உள்ளங்கையால் கல்லை மெல்ல ஒற்றிப் பாருங்கள். மாவு ஒட்டினால் அந்தக் கல்லில் மைப்படி கூடாது: உள்ளே இறங்கிய உப்பு காயும்போது படிகமாகி மேல்தோலைத் தள்ளியிருக்கிறது, பிரஷ் பட்டால் எழுத்தோடு உதிரும். தாளை நனைக்கக் குடிதண்ணீர்தான், பக்கத்து உவர்க்கிணற்றுத் தண்ணீர் அல்ல. கடற்காற்று எழுவதற்குள் காலையிலேயே முடியுங்கள், இல்லாவிட்டால் தாள் கிழியும்.

மற்ற எல்லாக் கல்லுக்கும் பக்க வெளிச்சப் படம். கல்லின் மேல் கறுப்புப் போர்வையால் நிழல் கட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, டார்ச்சைக் கல்லின் முகத்தோடு 10 முதல் 15 பாகை சாய்வில் பிடியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடித்தால் அந்தத் திசைக்கு இணையாக ஓடும் கோடுகள் மறைந்துபோகும். ஆகவே நான்கு பக்கமும் ஒவ்வொரு படம். ஆண்டு எழுதிய இடத்தில் கூடுதலாக நான்கு. அரபு எண்களில் ٢-க்கும் ٣-க்கும் ஒரு பல்தான் வித்தியாசம், உப்பு முதலில் அரிப்பது அந்தப் பல்லைத்தான். தமிழ் எண்ணாக இருந்தால் ௧-ஐக் ககரமென்றும் ௭-ஐ எகரமென்றும் படித்துவிடுவார்கள். ஹிஜ்ரி 1250 என்றால் 1834-35 என்று இரண்டு ஆண்டாகவே குறியுங்கள். மாதம் தெரியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

முப்பரிமாணப் படம் கடைசிக் கை. ஒரு கல்லுக்குப் பல கோணங்களிலிருந்து 40 முதல் 60 படம், ஒவ்வொன்றும் முந்தையதோடு மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றிப் போக வேண்டும், வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும். கணினியில் பிறகு எந்தப் பக்கமும் வெளிச்சத்தைத் திருப்பிப் பார்க்கலாம். பக்க வெளிச்சத்துக்கும் மசியாத கல்லுக்கு மட்டும் இந்த உழைப்பு தகும்.

இடம் குறிப்பதில் போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். நெருங்கிக் கிடக்கும் கபர்களில் (புதைகுழிகளில்) எது எது என்று அது சொல்லாது. சுற்றுச்சுவரின் இரண்டு மூலைகளிலிருந்து டேப் பிடித்து, ஒவ்வொரு தலைக்கல்லுக்கும் இரண்டு தூரத்தை எழுதுங்கள். மூலையில் நட்ட கல் புதைந்துபோகக்கூடும்; பள்ளிவாசல் அல்லது தேவாலயச் சுவரிலிருந்து அந்த மூலைகளுக்கும் ஒரு அளவு வைத்து, நகலை ஜமாஅத்திலோ பங்குக் கோயிலிலோ கொடுத்துவிடுங்கள்.