ரெசிஸ்டன்ஸ் பேண்ட்: காலை நடையோடு நின்றுவிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு

நம் ஊரில் சர்க்கரை நோய்க்கு உடற்பயிற்சி என்றால் காலை நடைதான். நடையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு வாரம் 150 நிமிட நடை போன்ற பயிற்சியோடு, வாரத்தில் இரண்டு மூன்று முறை, இடையில் ஒரு நாளாவது விட்டு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. பெரும்பாலோர் கைவிட்டுவிடும் இந்தப் பகுதியை வீட்டிலேயே செய்வதற்காக, ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனப்படும், இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டைகள் மூன்று நிறங்களிலும், அவற்றைக் கதவில் மாட்டும் நாடாவும் கொண்ட தொகுப்பு ஒன்றை வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

சாப்பிட்ட பின் இன்சுலினின் தூண்டுதலால் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை அதிகம் உள்வாங்குவது தசைதான். சுருங்கி விரியும் தசையோ இன்சுலினின் துணையில்லாமலும் அதை இழுத்துக்கொள்ளும் என்பதால், இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலுக்கு இது கைகொடுக்கிறது. டம்பெல்லைப் போலன்றி, பட்டை இழுக்க இழுக்க இறுகுகிறது. தொடக்கத்தில் மூட்டுக்குச் சிரமம் தெரிவதில்லை. பதினைந்து முறை சிரமமின்றி இழுக்க முடிந்தால் அடுத்த நிறத்துக்குப் போகலாம். எந்த நிறத்துக்கு எவ்வளவு இறுக்கம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், மற்றவர் சொல்லும் நிறத்தை நம்பி வாங்க வேண்டாம்.

ரப்பர் வாடை இரண்டு வாரம் அறையை விட்டுப் போகவில்லை. மடித்து வைத்தால் ஒட்டிக்கொள்வதால் முகப்பவுடர் தூவி வைக்கிறேன். இவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது உடன் வந்த விளக்கத்தாள். வெறுங்காலில் பாதத்தைச் சுற்றிப் பட்டையை மாட்டி இழுக்கும் படம் அதில் பெரிதாக இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு அந்த உராய்வு புண்ணாகும்வரை தெரியாது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அத்தகையவர்கள் ஷூ அணிந்துகொள்ள வேண்டும், அல்லது கதவு நாடாவையே பயன்படுத்த வேண்டும். மூச்சை அடக்கி இழுத்தால் ரத்த அழுத்தம் எகிறும் என்ற எச்சரிக்கையும் காணவில்லை. விழித்திரைப் பாதிப்பு முற்றியவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் முதலில் சர்க்கரையைப் பார்த்து, 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்குவது நல்லது.

குறைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், ஜிம் கட்டணத்தின் ஒரு சிறு பங்கில் கிடைக்கும் இந்தப் பட்டையை வாங்கச் சொல்வேன். வாங்கியவர்கள் அதை வெயிலில் விடாமல், எண்ணெய்க் கையோடு தொடாமல், அவ்வப்போது விரித்துப் பார்த்து, சிறு வெடிப்பு தெரிந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். இழுக்கும்போது அறுந்தால் அது நேராக முகத்துக்குத்தான் வரும்.