எல்லைக் கல்லா, கூடும் இடமா?

தஞ்சைப் பெரிய கோயில் (1010) ஏன் எழுந்தது என்பது புரிகிறது: காவிரித் தண்ணீர், நெல், நெருக்கமான ஊர்கள், மேலே ஒரு பேரரசு. ஆனால் ஆள் நடமாட்டமே குறைவாக இருந்த பழங்காலத்தில் பெரிய பெரிய கற்களை நட்டு வைத்தது எதற்கு?

'இது எங்கள் முன்னோர் நிலம்' என்று காட்டத்தான் என்பது ஒரு விளக்கம். புதுக்கோட்டைப் பக்கத்து ஈமக் கல்வட்டங்களுக்கு (இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள்) ஓரளவு பொருந்தும். ஆனால் ஆளே இல்லாத காட்டில் எல்லைத் தகராறுக்கு யார் வருவார்கள்?

சிதறிக் கிடந்த குழுக்கள் அவ்வப்போது ஒன்றுகூடுவதற்கு ஓர் இடம் என்பது இன்னொரு விளக்கம். பெண் எடுக்க, பண்டம் மாற்ற, சேதி சொல்ல. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் துருக்கியின் கோபெக்லி தெபேயில் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே, வேட்டையாடி வாழ்ந்தவர்கள் 5 மீட்டர் உயரத் தூண்களை நட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்குப் பக்கத்திலோ, விருந்தில் தின்ற பன்றிகள் பலவும் தொலைவிலிருந்து வந்தவை என்று எலும்பு ஆய்வுகள் சொல்கின்றன.