ஜேம்ஸா, ஃபிராய்டா: மதத்தை உளவியல் வழியே படிக்க எங்கே தொடங்கலாம்?

மதவியல் படிக்கும் பலர் உளவியல் பக்கம் வரும்போது, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸில் தொடங்குவதா, உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டில் தொடங்குவதா என்ற இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

எதை வைத்துப் பேசுகிறார்கள்?

ஜேம்ஸ்: 1901, 1902-இல் எடின்பரோவில் ஆற்றிய 20 சொற்பொழிவுகள். டால்ஸ்டாய் முதல் பெயர் தெரியாதவர்கள் வரை, அனுபவித்தவர்களின் சொந்த வார்த்தைகள். அதில் ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார். மனநலக் காப்பகத்தில் பச்சை பாய்ந்த தோலோடு அசையாமல் உட்கார்ந்திருந்த இளைஞனின் உருவம் நினைவில் எழ, ‘நானும் இப்படி ஆகலாமே’ என்று நடுங்கிப்போகிறார். அவர் ஜேம்ஸேதான் என்பது பிறகு தெரியவந்தது. எத்தனை முறை படித்தாலும் அந்தப் பக்கத்தில் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஃபிராய்டு: சிகிச்சைக்கு வந்தவர்களிடம் கண்டதிலிருந்து மதத்துக்குத் தாவுகிறார். தாவல் பெரியது.

சடங்கு

ஜேம்ஸ்: தனிமனிதனின் அனுபவமே மையம், கூட்டு வழிபாட்டை ஒதுக்கிவிடுகிறார்.
ஃபிராய்டு: 1907-லேயே கவனித்தார், ஆனால் கைகழுவிக்கொண்டே இருக்கும் நோயைப் போலப் பார்த்தார்.

நம்பிக்கை

ஜேம்ஸ்: வேரை விடு, கனியைப் பார். அதாவது, நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைவிட வாழ்வில் என்ன விளைத்தது என்பதே முக்கியம்.
ஃபிராய்டு: தந்தையின் பாதுகாப்புக்கு ஏங்கும் ஆசையில் பிறந்த மாயை (1927). பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலண்ட் சொன்ன ‘கடல் போன்ற உணர்வு’, அதாவது எல்லையற்ற ஒன்றோடு கலந்திருக்கும் உணர்வு, தன்னிடம் இல்லை என்று 1930-இல் ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரைப் படிக்கலாம்.

பக்தர்களைச் சந்தித்துப் பேட்டி எடுக்கப் போகிறவர்கள் ஜேம்ஸில் தொடங்குங்கள். காது கொடுத்துக் கேட்கப் பழகுவீர்கள். நம்பிக்கைக்குள் குடும்பமும் அதிகாரமும் எப்படி நுழைகின்றன என்று ஆராய்பவர்களுக்கு ஃபிராய்டு. திருவிழாவை ஆராய்பவர்களுக்கு இருவருமே போதாது, மதத்தைக் கூட்டு வாழ்வின் வழியே விளக்கிய பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்க்ஹைமிடம் போங்கள்.