கணக்குப் பரீட்சைக்குக் கூட்டாளி: வாட்ஸ்அப்பா, கூட்டமா, ஜோடியா?

திருப்புதல் தேர்வு நெருங்கியதும் சேரன்மகாதேவியிலிருந்து சித்தி மகன் போன் பண்ணினான். பன்னிரண்டாம் வகுப்பு. "அண்ணே, கணக்குக்கு வாட்ஸ்அப் குரூப் போதுமா, இல்ல பக்கத்துத் தெரு பயகூட உக்காந்து படிக்கட்டா?" மூன்று விதமாகவும் படித்துப் பார்த்தவன் நான், அதிலும் இரண்டில் கையைச் சுட்டுக்கொண்டவன், அதனால் பத்து நிமிஷம் பேசிவிட்டேன். பேசியதைத்தான் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் குரூப் ஒரு மார்க் கேள்விக்கு நல்லது. எழுத்துத்தேர்வின் 90 மார்க்கில் 20 அதில்தான் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்திருக்கும் நேரத்தில்கூட ஒருத்தன் கேள்வி போட, நாலு பேர் பதில் போட, விளையாட்டு மாதிரி ஓடும். ஆனால் வெறும் 'ஆ' என்று தட்டிவிட்டுப் போகிற பழக்கம் வந்துவிடக் கூடாது, பரீட்சையில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்வார்கள்.

பெரிய கணக்குக்கு அந்த குரூப் ஆகாது. சந்தேகம் கேட்டால் எவனாவது நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவான், பார்த்ததும் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். கலப்பு எண்ணில் நான் மாட்டியது அப்படித்தான். மெய்ப்பகுதி -1, கற்பனைப்பகுதி √3, துருவ வடிவம், அதாவது நீளமும் கோணமுமாக எழுத வேண்டும். போட்டோவில் கடைசி விடை 120 பாகை. சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் வகுப்புத் தேர்வில் 60 என்று எழுதி வைத்தேன். புள்ளி இரண்டாம் கால்பகுதியில் விழுகிறது, அதனால் 180-லிருந்து 60-ஐக் கழிக்க வேண்டும் என்பதை அந்தப் போட்டோ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்தது கூட்டம். ஆறு பேர் சாயங்காலம் தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து படிப்பது என்று முடிவு பண்ணினோம். பேரில்தான் படி இருக்கிறது. முதல் அரை மணி நேரம் கதை, அப்புறம் ஒருத்தன் குளிக்க இறங்குவான், அவன் ஏறும்போது வெளிச்சம் போயிருக்கும்.

ஆனாலும் ஒரு நாளை மறக்க மாட்டேன். ஒரே அணியை, அதாவது நிரை நிரையாக அடுக்கிய எண்களை, ஆறு பேரும் ஏறுபடி வடிவத்துக்கு (கீழே போகப்போக முன்னால் பூச்சியம் கூடும் படிக்கட்டு மாதிரி) கொண்டுவந்தோம், ஆறும் ஆறு விதமாக இருந்தது. யார் போட்டது தப்பு என்று பெரிய சண்டை, "நீ மொதல் நிரைய மாத்திட்டலே" என்று ஒருத்தன் எழுந்தே விட்டான். கடைசியில் பூச்சியமற்ற நிரைகளை எண்ணினால் எல்லோருக்கும் இரண்டுதான். அந்த எண்ணிக்கைதான் அணியின் தரம், போகிற வழி எப்படியிருந்தாலும் அது மாறாது என்பதைச் சண்டை போட்டே கற்றுக்கொண்டோம். தனியாகப் படித்திருந்தால் கைடில் இருக்கிற மாதிரி வரவில்லையே என்று அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

கூட்டத்தில் நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் பாடத்தைப் பங்கு போட்டதுதான். பன்னிரண்டு அத்தியாயம், ஆளுக்கு இரண்டு, படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று பேச்சு. அவனவன் இரண்டில் புலியானான், மீதிப் பத்தையும் கேட்டுக்கொண்டிருந்ததோடு சரி. 30-வது கேள்வியும் 40-வது கேள்வியும் கட்டாயம், எந்த அத்தியாயத்திலிருந்து வந்தாலும் தப்ப முடியாது.

ஜோடி என்றாலும் யாரோடு என்று பார்க்க வேண்டும். முதலில் நான் உட்கார்ந்தது வகுப்பிலேயே முதல் மார்க் எடுக்கிறவனோடு. கேட்டால் பேனாவைப் பிடுங்கி அவனே மடமடவென்று போட்டுவிடுவான், "இதுகூடத் தெரியலயாலே" என்று ஒரு பார்வை வேறு. சொல்லிச் சொல்லி அவனுக்குத்தான் இன்னும் நன்றாக வந்தது.

அப்புறம் என்னைப் போலவே திணறுகிற ஒருத்தனோடு சேர்ந்தேன், எனக்கு உருப்படியானது அதுதான். ஐந்து மார்க் கேள்வி ஏழு, மொத்தம் 35 மார்க், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. அவன் எனக்கு இரண்டு கேள்வி தருவான், நான் அவனுக்கு இரண்டு, கேள்விக்குப் பத்து நிமிஷம் என்று கடிகாரம் வைத்து எழுதிப் பேப்பரை மாற்றித் திருத்துவோம். அடுத்தவன் பேப்பரில் சிவப்பு மை வைக்கும்போதுதான் ஒரு படியைத் தாவினால் திருத்துகிறவருக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று தெரிந்தது, தொகையிடலில் எல்லையைப் போட மறந்தால் கண்ணில் எப்படிக் குத்துகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

மூன்றையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: பேனா யார் கையில்? வாட்ஸ்அப்பில் பேனாவே கிடையாது. கூட்டத்தில் ஒருத்தன் கையில் இருக்கும், ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். சமமான ஜோடியில் இரண்டு பேர் கையிலும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் தினமும் ஜோடி, ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் சண்டை போடக் கூட்டம், கடைசிப் பத்து நாள் அதுவும் வேண்டாம் என்று சொன்னேன்.

தம்பி கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தான். "அந்தப் பய என்னவிட மோசம்ணே."

"அப்ப பேனாவ அவன் கையில குடுத்துட்டு நீ வாயால மட்டும் சொல்லு. எங்கயாவது திக்குனேன்னா, அந்த எடம் ஒனக்கும் தெரியலன்னு அர்த்தம்."