சிலோனுக்கு வாட்ஸ்அப், யானைக்கு சாதா கால்

கொளப்பள்ளி பஜார்ல ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பந்தலூர் தாலுகா, நீலகிரியோட கேரளா ஓரம். போன் பல நேரம் வயநாட்டு டவரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கும். ரேஷன் கார்டு தமிழ்நாடு, சிக்னல் கேரளா. கடைக்கு வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்குறது, "நெட் கால் நல்லதா, சாதா கால் நல்லதா?" யார்கிட்ட பேசப் போறீங்க, எவ்வளவு அவசரம்னு தெரியாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது.

முதல்ல சிலோன் கதை. எங்க பக்கம் 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்து, அரசோட டேன்டீ தேயிலைத் தோட்டத்துல சேர்ந்த குடும்பங்க நிறைய. அக்கா இங்க இருப்பாங்க, தங்கச்சி சிலோன்ல அட்டன் ஊர்லயே நின்னிருப்பாங்க. ஐஎஸ்டி பூத் காலத்துல மீட்டர் மேல கண்ணை வச்சுக்கிட்டு, "நல்லாருக்கியா, மழையா, சரி வெக்கிறேன்"னு முடிச்சிருவாங்க. 2015ல வாட்ஸ்அப்ல கால் வந்தப்புறம் அந்த அவசரமே போச்சு. மேல் லயன் பாட்டி ஒருத்தங்க பேரனோட போனை எடுத்துட்டு வருவாங்க. "தம்பி, அந்தப் பச்சைய அமுக்கிக் குடு"ன்னு ஸ்டூல்ல உக்காந்தா அரை மணி நேரம். என்ன குழம்பு, யார் வீட்டுல கல்யாணம், எல்லாம் ஸ்பீக்கர்ல ஓடும். ஒரு நாள் பேச்சை நடுவுல நிறுத்திட்டு, "ஏண்டி, உனக்கு மூச்சு இளைக்குதே, மருந்து போடலையா?"ன்னாங்க. அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம், "தீந்துபோச்சுக்கா."

பழைய 2ஜி கால்ல அந்த இளைப்பு தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. அது 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தத்தைத்தான் கடத்தும்; மூச்சுக் காத்து, 'ஸ', 'ஃப' எல்லாம் அதுல மழுங்கிரும். ஆப்ல குரலைச் சுருக்கி அனுப்புற ஓபஸ் மாதிரி கோடெக், நெட் நல்லா இருந்தா அதைவிட ரொம்ப அகலமா சத்தத்தை எடுத்துட்டு வரும். டேட்டாவும் ஒண்ணும் கொள்ளை போகாது, ஒரு மணி நேரம் பேசினாலும் சில பத்து எம்பிதான். வீடியோ போட்டா அது வேற கணக்கு. ஆக, சிலோனுக்கு வாட்ஸ்அப்னா அஞ்சுக்கு அஞ்சு மார்க்.

துபாய்ல பையன் இருக்கிறவங்களுக்கு இந்த மார்க் செல்லாது. அமீரகத்துல வாட்ஸ்அப் காலுக்குத் தடை. அங்க அனுமதி இருக்கிற போட்டிம் மாதிரி ஆப் போட்டுத்தான் பேசணும்.

இப்ப உள்ளூருக்கு வருவோம். 4ஜி போன்ல 'சாதா கால்'னு நாம சொல்றதும் நெட் மாதிரி பாக்கெட்டாத்தான் போகுது, அதுக்குப் பேரு வோல்ட்இ. ஆனா குரலுக்குன்னு நெட்வொர்க் ஒரு வழியை ஒதுக்கி வச்சிருக்கும். மே மாசம் ஊட்டி ரோட்டுல ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கி விடுற மாதிரி. ஆப் காலுக்கு அந்தச் சலுகை இல்ல. ரீல்ஸ் பாக்குறவங்க, பாட்டு இறக்குறவங்க எல்லாரோடயும் ஒரே வரிசைல நிக்கணும். கூட்டம் சேந்தா சத்தம் லேட்டாகும். இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு 150 மில்லி செகண்டுக்குள்ள போய்ச் சேந்துட்டா காதுக்கு உறுத்தாது. அதைத் தாண்டி இழுத்துக்கிட்டே போனா, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீ சொல்லு"ன்னு ரெண்டு பேரும் முட்டிக்குவாங்க. நிறைய பேரு அதைச் சண்டைன்னே நினைச்சுக்குறாங்க!

பந்தலூர்ல இருந்து கூடலூர் பஸ்ல பேசிட்டே போய்ப் பாருங்க. வளைவுல 4ஜி போனதும் ஆப் 'ரீகனெக்டிங்'னு முழிக்கும். சாதா கால்னா, சிம்முக்கு 2ஜி இருந்தா போன் அதுல இறங்கிப் பேச்சைத் தொடரப் பாக்கும். 2016ல வந்த ஜியோ ஆரம்பத்துல இருந்தே 4ஜிதான், அதுல இறங்குறதுக்கு 2ஜி படியே கிடையாது. ரெண்டு சிம் போடுறவங்ககிட்ட, ஒண்ணாவது 2ஜி இருக்கிறதா வச்சுக்கங்கன்னு சொல்றது இதுக்காகத்தான்.

யானை விஷயத்துல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. போன மழைக்காலத்துல கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, எங்க வீட்டுக்குப் பின்னாடி பலாமரத்துக்கு வந்து நின்னுருச்சு. ஊர் குரூப்ல யாரோ வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காங்க. விடிஞ்சு கரண்ட் வந்து, வைஃபை உசுரு வந்தப்புறம்தான் அது என் போனுக்கு வந்துச்சு. ராத்திரி என்னை எழுப்பினது பக்கத்து வீட்டு அண்ணனோட பட்டன் போன். ஒரு கோடு சிக்னல்ல, "கதவத் தொறக்காத, பின்னால நிக்குது." அவ்வளவுதான், வச்சுட்டாரு. அவசர நம்பர் 112ம் அப்படித்தான், சாதா கால்லதான் போகும். நம்ம சிம்முக்கு டவர் இல்லாட்டியும், வேற கம்பெனி டவர் எட்டினா போன் அதைப் பிடிச்சுக்கும். டவருக்கும் பேட்டரி, டீசல் இருக்கிற வரைக்கும்தான் உசுருங்கிறதையும் சொல்லிடணும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி மழைல எந்தக் காலையும் நம்பி இருக்க முடியாது.

பள்ளத்துல வீடு, உள்ள சிக்னலே இல்ல, ஆனா ஃபைபர் லைன் இருக்கா? அப்ப நடுவுல ஒரு வழி இருக்கு, நிறைய பேரு கவனிக்கிறதில்ல. போன் செட்டிங்ஸ்ல 'வைஃபை காலிங்'னு இருக்கும், ஆன் பண்ணுங்க. நம்ம நம்பர்லயே, சாதா காலாவே, வீட்டு வைஃபை வழியாப் போகும். எதிர்ல இருக்கிறவங்ககிட்ட பட்டன் போன் இருந்தாலும் போதும். 2019 கடைசில இருந்து நம்ம நாட்டுல ஒவ்வொரு கம்பெனியாக் குடுக்க ஆரம்பிச்சாங்க. ஃபைபர் மேல மரம் விழுந்தாலோ, கரண்ட் போனாலோ இதுவும் படுத்துரும். மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைங்க.

பட்டன் போன் வச்சிருக்கிற பெரியவங்களுக்கு டேட்டா பேக் போட்டுவிடாதீங்க. பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் குடுத்தாகணும்னு, போன் கம்பெனிங்களுக்கு விதி போடுற டிராய் 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டிருக்கு. கடைல வாயத் தொறந்து கேட்டாத்தான் அதை எடுத்துக் காட்டுவாங்க.

ஆப்லயே பேசுறவங்களுக்கு ரெண்டு விஷயம். திரைல 'காலிங்'னு நின்னா எதிர்ப் போனுக்கு இன்னும் போய்ச் சேரலன்னு அர்த்தம். 'ரிங்கிங்'னு மாறினாத்தான் அங்க அடிக்குது. அதுக்கு முன்னாடி "எடுக்கவே மாட்டேங்குறான்"னு கோவிச்சுக்காதீங்க. சிக்னல் சுமாரா இருக்கிற இடம்னா, வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள்ள 'யூஸ் லெஸ் டேட்டா ஃபார் கால்ஸ்' இருக்கு, அதைத் தட்டி விடுங்க. தெரியலன்னா கடைக்கு வாங்க, போட்டுத் தர்றேன், காசு வேணாம்.